ஆம் என்போர் ஆறு பேர்

லூஷியஸ் பெட்டிஃபோர்டின் பதவிப் பெயர் அவருடைய முகவரி அட்டையில் மூன்று வரி பிடித்தது. சிறுபான்மையினர் மற்றும் நகர்ப்புற விவகாரங்களுக்கான அதிபரின் சிறப்பு ஆலோசகர். ஏழாம் தெருவில் அவருக்கு முடிவெட்டும் கிளீட்டஸ் அந்த அட்டையை வாங்கித் தூரப் பிடித்துப் படித்துவிட்டு, பெயர் இவ்வளவு நீளமாக இருந்தால் அதிகாரம் அரை அங்குலம்தான் இருக்கும் என்று கடையில் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அன்றிலிருந்து கடையில் அவருக்கு ‘போட்டோ’ என்று பெயர். செய்தித்தாளில் அவர் முகம் வருவது எப்போதும் அதிபரின் இடது தோளுக்குப் பின்னால்தான். அதிலும் பாதி நாள் ஒரு காது வெட்டுப்பட்டுப் போயிருக்கும்.

பெட்டிஃபோர்ட் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்வார். சிரிக்காவிட்டால் இன்னும் கேலி செய்வார்கள். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும், ஏனென்றால் கிளீட்டஸ் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

வேலை இல்லாமல் இல்லை. காலை எட்டு மணிக்கு வெள்ளை மாளிகையின் பக்கத்துக் கட்டடத்தில் அவர் அறைக்கதவு திறந்தால் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். கறுப்பர் கல்லூரி முதல்வர்கள், போதகர்கள், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வாரமாக வெந்நீர் வரவில்லை என்று அழும் அம்மாக்கள். ஒரு நகரத்தில் எது ஒழுகினாலும், எது இடிந்தாலும், எது எரிந்தாலும் அது அவர் மேசைக்கு வந்துசேரும். அவர் அதைக் குறிப்பாக எழுதி அதிபருக்கு அனுப்புவார். குறிப்பின் அடியில் மூன்று கட்டங்கள் உண்டு. சம்மதம், சம்மதமில்லை, பேசிப் பார்க்கலாம். அதிபர் வெண்டல் கார்மோடி நல்ல மனிதர். யார் முகத்துக்கு நேராகவும் முடியாது என்று சொல்ல அவருக்கு வராது, காகிதத்தின் முகத்துக்கு நேராகக்கூட வராது. அதனால் மூன்றாவது கட்டத்தில்தான் எப்போதும் அவர் பேனா இறங்கும். அந்தக் கட்டடத்தில் ‘பேசிப் பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று வாசலில் நிற்கும் காவலாளிக்கும் தெரியும்.

பிரிக்யார்டு விவகாரம் அந்தக் கட்டத்துக்குள் மூன்று முறை போய்த் திரும்பியிருந்தது.

கரோலினா பக்கம், டாரண்ட் மில்ஸ் என்ற புகையிலை ஊரில் பிரிக்யார்டு ஒரு கறுப்பர் குடியிருப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், இரண்டு தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருத்துவர். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்க ஒரு வளைவுச் சாலை வேண்டும் என்று பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். வரைபடத்தில் அந்த வளைவைப் போட்டபோது அது பிரிக்யார்டின் நட்டநடுவே அழகாகப் பொருந்திற்று. ‘பாழடைந்த பகுதி’ என்று ஒரு முத்திரை குத்தினால் இடிப்பதற்கு மத்திய அரசின் உதவியும் உண்டு. அக்டோபர் முதல் தேதி இயந்திரங்கள் வரும் என்று வீடுவீடாகக் கடிதம் போயிற்று. பெட்டிஃபோர்ட் பிறந்து வளர்ந்தது அங்கேதான். அவருக்கென்று அங்கே இப்போது வீடு இல்லை. ஆனால் அந்தத் தெருக்களில் யார் வீட்டு நாய் கடிக்கும், யார் வீட்டு நாய் குரைப்பதோடு சரி என்பது இன்றும் அவருக்குத் தெரியும். அவை செத்து முப்பது வருடம் ஆயிற்று.

டக் ஸ்ட்ரிக்லர் ஒரு நாள் அவர் அறைக்குள் வந்து மேசை விளிம்பில் உட்கார்ந்தான். அதிபரின் நிகழ்ச்சிகளை எல்லாம் அவன்தான் கவனித்தான். வயது இருபத்தொன்பது. சோப்பு விளம்பரம் எழுதும் நிறுவனத்திலிருந்து வந்தவன், நாட்டையும் அப்படியே நுரைக்க வைத்துவிடலாம் என்று நம்பினான். உலகத்தில் பெட்டிஃபோர்டை ‘லூ’ என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவன்தான். அடுத்த வருடம் தேர்தல், அதிபரோடு கறுப்பினப் பெண்கள் சிரித்துக்கொண்டிருக்கும் படம் ஒன்று வேண்டும், தொப்பி போட்ட சர்ச் பெண்களாக இருந்தால் நல்லது, கையில் கேக் இருந்தால் இன்னும் நல்லது என்றான். ஐந்து நிமிடம். விஷயம் எதுவும் பேசக்கூடாது.

பெட்டிஃபோர்டுக்கு உடனே ஆர்டீலியா மெபேனின் நினைவு வந்தது. பள்ளியில் அவருக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். இப்போது பிரிக்யார்டில் சிகை அலங்காரக் கடை வைத்திருக்கிறாள், பிரிக்யார்டு மாதர் முன்னேற்றச் சங்கத்தின் தலைவி. அந்தச் சங்கத்தில் முன்மொழியாமல், வழிமொழியாமல், ஓட்டெடுக்காமல் ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டார்கள். அவள் புருஷன் மெபேன் அன்று அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டபோது, “முன்மொழிஞ்சாச்சு, வழிமொழிய யாராவது இருக்காங்களா?” என்று அவள் கேட்டதாகவும், அடுக்களையிலிருந்து மெபேனின் அம்மா வழிமொழிந்ததாகவும் ஊரில் சொல்வார்கள். பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் ஆர்டீலியாவைத் தெரிந்தவர் யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை.

தொலைபேசியில் அவளிடம் விஷயத்தைச் சொன்னார். எதுவும் கேட்கக்கூடாது என்ற நிபந்தனையையும் சொன்னார்.

“பேசக்கூடாதுன்னா எதுக்கு அவ்வளவு தூரம் வரணும், லூஷியஸ்?”

“அவர் உங்க முகத்தைப் பார்க்கட்டும். மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

“மூணு மாசமா நீதான் பார்த்துக்கற.”

கடைக்குள் முடி உலர்த்தும் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“சரி, எதுவும் கேக்க மாட்டோம். வாக்கு குடுக்கறேன்,” என்றாள் ஆர்டீலியா. “அவரா ஏதாவது கேட்டா பதில் சொல்லலாம்தானே?”

அவர் கேட்கமாட்டார் என்று பெட்டிஃபோர்ட் உறுதியாகச் சொன்னார்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை ஐந்து பெண்கள் வந்து இறங்கினார்கள். ஐந்து தொப்பிகள், ஐந்து ஜோடி வெள்ளைக் கையுறைகள், ஒரு வெண்ணெய்க் கேக். பாதுகாப்புக்காரர்கள் கேக்கை மூன்று இடத்தில் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு குத்து போதும், மூன்றெல்லாம் வேண்டாம் என்று ஆர்டீலியா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கூட வந்தவர்களில் சங்கத்தின் செயலாளர் சினோபியா டொரெய்ன், பள்ளி ஆசிரியை. ஒல்லியான, வாய் திறக்காத பெண். கைப்பையில் சுருக்கெழுத்து நோட்டு ஒன்று வைத்திருந்தாள். அதைப் பெட்டிஃபோர்ட் பார்க்கவில்லை.

அதிபர் எல்லோருக்கும் கைகொடுத்தார். படம் பிடிப்பவருக்கு அந்த நேரம் பார்த்துப் பிலிம் சிக்கிக்கொண்டது. ஒரு நிமிடம் என்று சொல்லி மூலையில் குனிந்து அதோடு மல்லுக்கு நின்றார். பெண்கள் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து, கையுறைக் கைகளை மடியில் வைத்து, அதிபரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. அந்த அறைக்கு வருகிற யாரும் எதையாவது கேட்பார்கள், அதிபர் பேசிப் பார்க்கலாம் என்பார், அதோடு சந்திப்பு தானாகவே முடிந்துவிடும். இன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. கார்மோடி கேக்கைப் புகழ்ந்தார். தொப்பிகளைப் புகழ்ந்தார். இந்த வருடம் வெயில் அதிகம் என்றார். பெண்கள் பணிவாகத் தலையாட்டினார்கள். பிலிம் இன்னும் சிக்கலில்தான் இருந்தது. கார்மோடி தன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் அமைதியைத் தாங்கியதில்லை.

“ஊர்ல எல்லாம் எப்படி இருக்கு?” என்றார்.

ஆர்டீலியா முதுகை நிமிர்த்தினாள்.

“ஊர் நிலவரம் பத்தி பிரசிடெண்ட் அறிக்கை கேட்டிருக்கார். செயலாளர் வாசிக்கட்டும்.”

சினோபியா எழுந்து நின்றாள். நோட்டைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளையும் அவள் தெருவாரியாக எழுதி வைத்திருந்தாள், ஆனால் நல்லவேளையாகச் சுருக்கமாக வாசித்தாள். பாழடைந்த பகுதி என்று அறிவிக்கப்பட்ட இந்த இடத்தில் சொந்த வீட்டுக்காரர்கள் நூற்று நாற்பது பேர், வெள்ளையடிக்காத வீடு பத்தொன்பது, இதே பாழடைந்த பகுதியில் ஒரு தெருவுக்குப் போன மாதம் ரோஜாப் போட்டியில் மாவட்ட முதல் பரிசு. வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். ஸ்ட்ரிக்லர் சுவரோரமாக நின்று பெட்டிஃபோர்டைப் பார்த்த பார்வையில் சூடு இருந்தது. பெட்டிஃபோர்ட் தரை விரிப்பில் அரசுச் சின்னமாக நெய்திருந்த கழுகைப் பார்த்துக்கொண்டார்.

கார்மோடியும் ஒரு ஆலை ஊரில் பிறந்தவர்தான். அவருக்கு மனசு கொஞ்சம் இளகிற்று. இளகினால் அவர் எப்போதும் சொல்லும் ஒரு வார்த்தையைச் சொன்னார். விவசாயிகளிடம், மீனவர்களிடம், தபால்காரர்களிடம் அதையே சொல்லியிருக்கிறார், ஒன்றும் ஆனதில்லை.

“இப்படிப்பட்ட இடத்தை இடிக்கறது பாவம். பிரிக்யார்டு இருக்கணும்னுதான் நான் நினைக்கறேன்.”

“பிரிக்யார்டு இருக்கணும்னு பிரசிடெண்ட் முன்மொழியறார்,” என்றாள் ஆர்டீலியா. “வழிமொழிய யார் இருக்கா?”

“நான்,” என்றாள் சினோபியா.

“விவாதம் உண்டா?”

ஸ்ட்ரிக்லர் வாயைத் திறந்தான்.

“நீங்க உறுப்பினரா, தம்பி?” என்று ஆர்டீலியா அன்பாகவே கேட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டான். ஏன் மூடினோம் என்று அவனுக்குப் பிறகும் விளங்கவில்லை.

“ஆதரிக்கிறவங்க ஆம் சொல்லுங்க.”

“ஆம்” என்று ஐந்து பெண்களும் சொன்னார்கள். கூடவே ஆறாவதாக ஒரு கனத்த குரலும் சொல்லிற்று. அது அதிபருடையது.

வெண்டல் கார்மோடி அதிபராகி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் காங்கிரஸ் எனும் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர். அங்கே அரைத் தூக்கத்திலும், சாண்ட்விச் வாயில் இருக்கும்போதும், பக்கத்து இருக்கைக்காரரிடம் மீன்பிடிக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதும் அந்த வாக்கியம் காதில் விழுந்தால் நாக்கு தானாக எழுந்துவிடும். இன்றும் எழுந்துவிட்டது. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

“எதிர்க்கிறவங்க?” ஆர்டீலியா நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தாள். சுவர்க் கடிகாரம் மட்டும்தான் பேசிற்று. “தீர்மானம் நிறைவேறிச்சு.”

பிலிம் அப்போதுதான் சரியாயிற்று. விளக்கு பளிச்சிட்டது. கார்மோடி வாய் பிளந்தபடி படத்தில் விழுந்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஸ்ட்ரிக்லர் கதவைத் திறந்து பிடித்தான்.

பெட்டிஃபோர்ட் வழக்கமான இடத்தில், இடது தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது. உதடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதிபரை யார் வந்து பார்த்தாலும், கூட இருந்த அதிகாரி ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கோப்புக்கு அனுப்ப வேண்டும். யார் வந்தார்கள், எத்தனை நிமிடம், மனநிலை எப்படி, என்ன பரிசு கொடுத்தார்கள். கடைசி வரி: அதிபர் அளித்த வாக்குறுதிகள். அங்கே ‘இல்லை’ என்று இருந்தால் காகிதம் நேரே இரும்பு அலமாரிக்குள் போய்விடும். வேறு எது இருந்தாலும் கீழ்த்தளத்தில் அதற்கு ஓர் எண் கொடுத்து, பச்சை அட்டை கட்டி, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புவார்கள். பத்து நாளுக்கு ஒரு முறை, எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டுக் கடிதம் போகும். முடிந்தது என்று பதில் வரும்வரை போய்க்கொண்டே இருக்கும். தேர்தலில் உதவிய பெரிய மனிதர்களுக்குக் கொடுத்த வாக்கு மறந்துபோகக் கூடாது என்பதற்காக ஸ்ட்ரிக்லரே உட்கார்ந்து யோசித்துக் கொண்டுவந்த ஏற்பாடு அது. அதில் அவனுக்குப் பெருமை அதிகம். பெட்டிஃபோர்ட் இரண்டு வருடத்தில் எழுதிய எந்தக் குறிப்பும் பச்சை அட்டையைக் கண்டதில்லை.

“லூ, அது ஒரு தமாஷ்,” என்றான் ஸ்ட்ரிக்லர், அறை வாசலில் நின்று. “அவரே சிரிச்சுட்டார். ‘இல்லை’ன்னு போட்டு அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க.”

பெட்டிஃபோர்ட் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்தார். வந்தவர்கள் ஐவர். பதினான்கு நிமிடம். மனநிலை, மகிழ்ச்சி. பரிசு, கேக் ஒன்று, குத்தப்பட்டது. கடைசி வரிக்கு வந்தபோது விரல்கள் பழக்கத்தில் ‘இல்லை’ என்று அடித்துவிட்டன. முற்றுப்புள்ளியும் வைத்தன.

காவலாளி அறைக்கு வந்தார். பெண்கள் ஒரு உறை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்களாம்.

அவர் நீட்டிய உறைக்குள் கூட்டக் குறிப்பின் கார்பன் பிரதி இருந்தது. சினோபியா காத்திருப்போர் அறையில் யாரிடமோ தட்டச்சு இயந்திரம் கேட்டு வாங்கி அடித்திருக்கிறாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பிரிக்யார்டு மாதர் முன்னேற்றச் சங்கத்தின் சிறப்புக் கூட்டம், வெள்ளை மாளிகை, வாஷிங்டன். முன்மொழிந்தவர், அதிபர் கார்மோடி. வழிமொழிந்தவர், சினோபியா டொரெய்ன். ஆம் என்போர் ஆறு பேர். இல்லை என்போர் எவருமில்லை. திரு. ஸ்ட்ரிக்லர் பார்வையாளர் என்பதால் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பேசாதிருந்தவர் ஒருவர், திரு. லூஷியஸ் பெட்டிஃபோர்ட்.

அவர் அந்த வரியை நின்றுகொண்டே படித்தார். முகம் முழுவதும் சூடேறிற்று. உறையை எடுத்துக்கொண்டு, தொப்பியை மறந்துவிட்டு, படியிறங்கி வெளியே போனார்.

பெண்கள் எதிர்ப் பூங்காவில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, ரொட்டிக்குள் பன்றி இறைச்சித் துண்டு வைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கையுறைகளைக் கழற்றி மடித்து வைத்திருந்தார்கள்.

“சிஸ்டர் மெபேன், கடைசியில ஒரு வரி இருக்கே, அது எதுக்கு?” என்றார். கோபம் வந்தால்தான் சர்ச் வழக்கப்படி அவளை அவர் சிஸ்டர் மெபேன் என்பார்.

“எந்த வரி?”

“பேசாதிருந்தவர் ஒருவர்.”

“நீ பேசினியா?”

“நான் அங்க வேலை பார்க்கறவன், ஆர்டீலியா. அந்த அறையில நான் ஓட்டுப் போட முடியாது.”

“அந்த வீட்டுக்காரரே போட்டாரே.”

சினோபியா நிமிர்ந்து பார்க்காமல் ரொட்டியை மென்றாள். ஆர்டீலியா அவளுக்குப் பக்கத்தில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

“உக்காரு. காலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருந்தே. ஒண்ணு சாப்பிடு,” என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான், அதற்கு வேறு பெயர் கிடையாது. மூன்று முறை குறிப்பு எழுதினோம், மூன்று மாதம் அலைந்தோம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் அறையில் இருந்தவர்களில், பிரிக்யார்டைக் கண்ணாலும் பார்த்திராத மனிதர் வாயைத் திறந்திருக்கிறார், அங்கேயே பிறந்தவர் தரையில் இருந்த கழுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மாடிக்குத் திரும்பி, அடித்து வைத்த குறிப்பைக் கிழித்துப் போட்டார். புதுக் காகிதம் செருகினார். அதிபர் அளித்த வாக்குறுதிகள்: ஒன்று. பிரிக்யார்டு குடியிருப்பு நிலைத்திருக்க வேண்டும் என அதிபர் முன்மொழிந்து, தாமே ஆதரித்து வாக்களித்தார். எதிர்ப்பு இல்லை. சினோபியாவின் குறிப்பை ஊசியால் குத்தி அதோடு சேர்த்தார். முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது கீழ்த்தளத்துக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே இருந்த பெண்மணி இது எந்தத் துறைக்கு என்று மட்டும் கேட்டு, பச்சை அட்டையைக் கட்டினாள்.

மறுநாள் காலை ஸ்ட்ரிக்லர் முகம் சிவக்க வந்தான். என்ன காரியம் செய்திருக்கிறீர்கள் என்று தெரியுமா என்றான். நடந்ததை எழுதினேன் என்றார் பெட்டிஃபோர்ட். அவர் சும்மா வாய் தவறிச் சொன்னது என்றான். அப்படியானால் போய் அவரிடமே கேட்டு எழுதி வாங்கி வாருங்கள், நான் திருத்திவிடுகிறேன் என்றார் பெட்டிஃபோர்ட்.

அங்கேதான் ஸ்ட்ரிக்லர் மாட்டிக்கொண்டான். நீங்கள் யோசிக்காமல் ஆம் சொல்லிவிட்டீர்களா என்று ஓர் அதிபரிடம் போய் யார் கேட்பது? அவன் காகிதத்தோடு அதிபரின் அறைவாசல்வரை இரண்டு முறை போனான். இரண்டு முறையும் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தான். சாலைத் துறையிலும் அதே கதைதான். பச்சை அட்டையோடு முதல் கடிதம் வந்தது. அதிபரே ஓட்டுப் போட்டிருக்கிறார் என்று இருந்தது. இப்படி ஒரு கடிதத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. பார்த்ததில்லை என்று ஒப்புக்கொள்ளவும் ஆளில்லை. பத்தாம் நாள் இரண்டாவது கடிதம் வந்ததும் மாநிலத்துக்குத் தந்தி பறந்தது. இயந்திரங்கள் வர வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு வேலை நிறுத்தப்பட்டது. வளைவுச் சாலைக்கு வேறு தடம் பார்க்கப்படும். பிரிக்யார்டு இருக்கும்.

அந்தச் சந்தோஷத்துக்கு விலையாகப் பெட்டிஃபோர்டின் கார் நிறுத்துமிடம் கட்டடத்துக்குப் பின்னால், நடந்தால் எட்டு நிமிடம் ஆகும் மூலைக்கு மாறிற்று. அதிபரின் படங்களில் அவரைக் காணவில்லை. இரண்டு காதும் பத்திரமாக இருந்தன. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு அந்த ஒரு மாதம் நன்றாகத் தூங்கினார்.

அக்டோபர் கடைசியில் புது வரைபடம் வந்தது. வளைவு பிரிக்யார்டை விட்டு விலகி, ஓடையைத் தாண்டி, கோட் ஹில் என்ற இன்னொரு கறுப்பர் குடியிருப்பின் மேல் விழுந்திருந்தது. வீடுகள் கொஞ்சம் சின்னவை, கூரைகள் கொஞ்சம் மோசம், பாழடைந்த பகுதி என்ற முத்திரை இன்னும் வாகாகப் பொருந்தும். பெட்டிஃபோர்ட் காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு பச்சை அட்டைக்கே இந்தப் பாடு, கோட் ஹில் தன் கோப்பில்லை, பிரிக்யார்டுக்காரர்களுக்கும் கோட் ஹில்காரர்களுக்கும் நாற்பது வருடமாக ஆகாது, பாடல் போட்டியில் தொடங்கிப் புருஷன்களைக் கொத்திக்கொண்டு போனதுவரை தகராறு இருக்கிறது என்றெல்லாம் நினைத்துப் பார்த்தார். யாருக்கும் தொலைபேசவில்லை.

மதியம் ஸ்ட்ரிக்லர் வந்து எதிரில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான். கோட் ஹில்லைப் பற்றி இந்தக் கட்டடத்திலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. போனால், அடுத்த ஆலோசகருக்கு முகவரி அட்டை அச்சடிக்கக் கொடுத்துவிடுவார்கள். அதை அவன் மிரட்டலாகச் சொல்லவில்லை. நண்பனாகச் சொல்கிறேன் என்றான்.

அப்போது தொலைபேசி அடித்தது.

“ரோடு கோட் ஹில்லுக்குப் போயிடுச்சு, லூஷியஸ். அளக்க ஆள் வந்துட்டுப் போச்சாம்,” என்றாள் ஆர்டீலியா.

“தெரியும்.”

“தெரியும்னு எனக்கும் தெரியும். அந்த ஊர்ப் பொம்பளைங்க பதினோரு பேர் என் கடையில உக்காந்திருக்காங்க. அவங்களைச் சங்கத்துல சேர்த்தாச்சு. ஒருத்திக்கு முடியும் கழுவியாச்சு. கோட் ஹில் இருக்கணும்னு முன்மொழிஞ்சு வழிமொழிஞ்சும் ஆச்சு. வாஷிங்டன்ல ஒரு உறுப்பினர் இருக்கார், அவர் ஓட்டையும் வாங்கிக்கலாம்னு சொன்னேன்.”

“நான் எப்ப உறுப்பினர் ஆனேன்?”

“போன சனிக்கிழமை. ஏகமனதா நிறைவேறிச்சு. உன்னைக் கேக்கலை.”

ஸ்ட்ரிக்லர் யார் என்று புருவத்தால் கேட்டான். பெட்டிஃபோர்ட் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அங்கே யாரோ முடி உலர்த்தும் இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார்கள். ஒவ்வொன்றாக ஓய்ந்து, கடை அமைதியாயிற்று.

“ஆதரிக்கிறவங்க ஆம் சொல்லுங்க,” என்றாள் ஆர்டீலியா.

அத்தனை பெண்களும் ஒன்றாகச் சொன்னது கம்பி வழியாக வந்து விழுந்தது. பிறகு காத்திருந்தார்கள். எதிரில் ஸ்ட்ரிக்லரும் அவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தான்.

“ஆம்,” என்றார் பெட்டிஃபோர்ட். குரல் கரகரத்துப்போயிருந்தது.

“செயலாளருக்குக் கேக்கலையாம்,” என்றாள் ஆர்டீலியா.

பெட்டிஃபோர்ட் எழுந்து நின்று இன்னொரு முறை சொன்னார்.